ஜிப்பக்காவின் மூன்றாம் வாசல்

ரயில் நிலையத்தின் மூன்றாம் வாசலுக்கு எதிரில் எனக்கு ஒரு சின்னக் கடை. பூட்டு, குடை, சீப்பு, சார்ஜர், நகவெட்டி, கத்தரிக்கோல் என்று ரயிலேறப் போகிறவன் வீட்டில் மறந்துவிட்டு வரும் சாமான் எல்லாம் என்னிடம் கிடைக்கும். வாசலில் சோதனை வந்த பிறகு என் வியாபாரம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. காலையில் என்னிடம் கத்தரிக்கோல் வாங்குகிறவரிடமிருந்து இருபதடி தள்ளி அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்குவார். பயங்கரவாதத்தை எதிர்த்து ஓயாமல் உழைக்கிறவர்களின் பட்டியல் ஒன்று போட்டால் அதில் என்னையும் சேர்க்க வேண்டும்.

பிடுங்குகிற வேலை ஜிப்பக்காவுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பொழுது விடிந்ததிலிருந்து மதியம் வரை “ஜிப்பைத் திறங்க, ஜிப்பைத் திறங்க” என்று சொல்லிச் சொல்லி, பயணிகளாகப் பார்த்து வைத்த பெயர் இது. அவளைவிட மூத்தவர்களும் ஜிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆளைத் தடவிப் பார்க்க இரண்டு பக்கமும் வேறு வேறு காவலர்கள். இரண்டு வரிசையும் வந்து முடிகிற இடத்தில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் கையில் குச்சியோடு ஜிப்பக்கா. பையைத் திறந்ததும் மேலாகக் கிடக்கும் துணியைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு “போங்க” என்பாள். அடியில் என்ன இருக்கிறது என்று அவள் ஒருவரையும் கேட்டதாக வரலாறு இல்லை. அடிவரைக்கும் பார்க்க ஆரம்பித்தால் காலை ரயிலுக்கு வந்தவன் மத்தியான ரயிலில்தான் போவான். இது அவளுக்குத் தெரியும், அவளுடைய மேலதிகாரிக்குத் தெரியும், பை கொண்டுவரும் ஜனங்களுக்குத் தெரியும். குண்டு வைக்கிறவனுக்கு மட்டும் தெரியாது என்று எல்லோரும் சேர்ந்து நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மேசைக்கு முன்னால் கதவு நிலை மாதிரி நிற்கும் டிடெக்டர் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் நுழைந்தால் அது கத்தும். நுழையாவிட்டாலும் கத்தும். பக்கத்தில் ரயில் போனால் கத்தும், மழை தூறினால் கத்தும். எல்லோரையும் பார்த்துக் கத்துவதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் அது கத்தாமல் சும்மா நின்றது. அன்றைக்குத்தான் ஜனங்களுக்குப் பயம் வந்தது. “மெஷின் ரிப்பேரா? இப்படி அலட்சியமா இருந்தா எங்க உயிருக்கு யாரு பொறுப்பு?” என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். ஜிப்பக்கா எழுந்து போய் அதன் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அது கத்த ஆரம்பித்தது. அவர் நிம்மதியாக ரயிலேறப் போனார்.

மேசைக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. பிடுங்கியதெல்லாம் அதற்குள் போகும். வாரக் கடைசியில் அதிகாரி வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார். நிறைந்திருந்தால் நாடு பத்திரமாக இருக்கிறது. பாதிதான் இருந்தால் ஊழியர்கள் தூங்குகிறார்கள். ஜனங்களும் மடையர்கள் இல்லையே, கொஞ்ச நாளில் கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வரப் பழகிவிட்டார்கள். பெட்டி காலியாகக் கிடந்தது. அந்த மாதிரி வாரங்களில் ஜிப்பக்கா என் கடைக்கு வருவாள்.

“அண்ணே, கத்தரிக்கோல் கொஞ்சம் குடுங்க. திங்கக்கிழமை திருப்பித் தந்துடறேன்.”

“நகவெட்டியும் வேணுமா?”

“குடுங்க. ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு இருந்தா பெரிய சாமான் மாதிரி தெரியும்.”

கொடுப்பேன். சொன்ன சொல் தவறாமல் திங்கட்கிழமை கொண்டுவந்து வைப்பாள். அதே கத்தரிக்கோல்கள் வாரம் தவறாமல் பிடிபட்டு, வாரம் தவறாமல் விடுதலையாகி, என் கடைக் கொக்கியில் வந்து தொங்கின.

ஜிப்பக்கா குடும்பமும் நானும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவர்கள் தரைத்தளம், நான் மூன்றாம் மாடி. அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் அவனை மாப்ளே என்று கூப்பிடுவேன், அவன் என்னை அண்ணே என்பான். எங்களுக்குள் உறவு எதுவும் இல்லை, படிக்கட்டில் பார்த்துப் பார்த்து வந்த உரிமைதான். நல்ல உயரம், நல்ல கனம். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, பெட்டியின் தலைமேல் ஏறி நின்று, ரோப்புக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டே போனில் பேசுகிற ஆள். கீழே நூறடிக்கு வெறும் இருட்டு. “கால் கூசாதா மாப்ளே?” என்று கேட்டால், “எதுக்குண்ணே கூசணும்? ரோப்பு அறாது. அறுந்தாலும் பிரேக் புடிச்சுக்கும்” என்பான். பயம் என்ற சாமானே இல்லாமல் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஊரின் மறுகோடியில் உள்ள ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வர அங்கே வரிசையில் நின்றவர்களில் இவனும் ஒருவன். வைத்தவன் நிலையத்துக்குள் போகவே இல்லை. எதற்குப் போக வேண்டும்? அவனுக்கு வேண்டிய கூட்டத்தை வாசலிலேயே நெருக்கியடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள், பையை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்காக. இவனுக்கு முன்னால் நின்றவர்களில் நிறையப் பேர் வீடு திரும்பவில்லை. இவன் வந்தான். ஒரு காது மட்டும் மந்தமாகிப் போனது. மற்றதெல்லாம் இருந்தது, கை, கால், உயரம், கனம். உள்ளே இருந்த மனுஷனைத்தான் காணோம்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். விசாரித்தார்கள், கூடிப் பேசினார்கள், பாதுகாப்பு போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். வரிசையில் வெடித்த குண்டுக்கு மருந்தாக ஊர் முழுக்க வரிசை வைத்தார்கள். பஸ் நிலையத்துக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று, பேங்குக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு இரண்டு. இவன் லிஃப்ட் பார்க்கப் போகும் உயரக் கட்டடங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு குச்சி. ஜனங்கள் “இப்பத்தான் தைரியமா இருக்கு” என்றார்கள். இவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

உட்கார்ந்தவனை எழுப்ப ஜிப்பக்கா படாத பாடு பட்டாள். கம்பெனி முதலில் லீவு கொடுத்தது. பிறகு நடந்து போகும் தூரத்தில் இருக்கிற நாலைந்து பழைய லிஃப்டுகளைக் கொடுத்தது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் அந்த நாட்களில் அரண்மனைத் தேர் மாதிரி ஓடியது, தினமும் எண்ணெய். அப்புறம் ஒருநாள் சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்தார். ஊரின் மறுகோடியில் புது ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள். ஆறு லிஃப்ட், எல்லாம் புதுசு. அதற்குத் தலைமை மெக்கானிக் வேண்டும். இத்தனை வருஷம் இவன் ஆசைப்பட்ட வேலை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தால் இவனுக்கு. இல்லையென்றால் அடுத்தவனுக்கு, கூடவே பழைய லிஃப்டுகளும் போய்விடும், “இனிமே என்னால உனக்காகப் பேச முடியாதுப்பா” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாற வேண்டும், மூன்று நிலையத்திலும் வாசல். ரயில் ஒன்றுதான் வழி.

அன்று இரவு உணவு நேரத்தில் ஏதோ சார்ஜர் கேட்டாள் என்று கொடுக்கப் போனேன். ஒரே அறை. ஒரு ஓரம் அடுப்பு, ஒரு ஓரம் கட்டில், கட்டிலுக்கு அடியில் அவனுடைய கருவிப்பை. ஸ்பேனர், டெஸ்டர், கட்டிங் பிளேயர், சுருட்டிய வயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் தட்டை நங்கென்று வைத்தாள்.

“துடைச்சது போதும். அதுங்களுக்குப் பாலிஷ் போட்டு என்ன செய்யப் போறீங்க? கல்யாணத்துக்கா அனுப்பறோம்?”

“போகணும்னுதான் நினைக்கிறேன்.”

“நினைச்சு நினைச்சு ரெண்டு தடவை வந்தீங்க. அண்ணன் கடையோட நின்னுட்டுத் திரும்பிட்டீங்க.”

அது நிஜம். இரண்டு தடவையும் வாசலைப் பார்த்ததும் என் கடைக்குள் நுழைந்து தடவைக்கு ஒரு குடை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம்.

“க்யூதான் பயமா இருக்கு” என்றான். “ரயில்ல ஒண்ணும் இல்ல. அந்த க்யூ.”

“நான்தானே அங்க நிக்கறேன்? என்னைத் தாண்டி எவன் உள்ள வந்துடுவான்?”

“அவன் உள்ள வரவேண்டாமே.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நூறடிப் பள்ளத்துல தொங்கற மனுஷன், நாலு பேரு வரிசையா நின்னா நடுங்கறாரு. கோழை! வெளிய சொன்னா சிரிப்பாங்க” என்றாள். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் சார்ஜரை வைத்துவிட்டு நழுவினேன்.

அவளுக்கு உள்ளூர வேறு பயம் இருந்தது. அந்த வாரம்தான் ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்திருந்தது. பயங்கரவாதியைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது எப்படி என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்து படம் போட்டுக் காட்டினார். வகுப்பு முடிந்து என் கடைக்கு வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னம்மா, கண்டுபிடிக்கக் கத்துக்கிட்டியா?”

“வேர்த்துக் கொட்டுமாம் அண்ணே. கண்ணு அங்கயும் இங்கயும் அலையுமாம். வரிசைல நிக்காம வெளிய போயிட்டுத் திரும்ப வருவானாம். கைல வெயிட்டான பை, பைக்குள்ள வயரு. நாலு கேள்வி கேட்டா பேச்சு வராதாம்.” குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுக்காரரு போட்டோவை ஒட்டல, அவ்வளவுதான்.”

இருவரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு திட்டம் போட்டார்கள். அவள் விடியற்காலையில் வேலைக்கு வரும்போது ஊழியர் கதவு வழியாகக் கருவிப்பையைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்துக்கொள்வாள். அவன் வெறுங்கையோடு கூட்டம் சேரும் முன்பே வருவான், வரிசை சின்னதாக இருக்கும், மேசைக்கு வந்ததும் பையை வாங்கிக்கொண்டு நேரே ரயிலுக்குப் போய்விடுவான். பயங்கரவாதத் தடுப்பில் ஓர் ஊழியர் செய்யக்கூடாத அத்தனையும் அந்தத் திட்டத்தில் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை நான் கடையைத் திறக்கும்போதே வாசலில் பரபரப்பு. மீசை ஓடி வந்தான். மீசை என்பது ஆண்கள் வரிசையில் தடவிப் பார்க்கும் இளம் காவலர், மற்ற பாகங்களைவிட மீசை முந்திக்கொண்டு வளர்ந்த பையன்.

“அண்ணே, ரகசியம். வெளிய சொல்லிடாதீங்க. இன்னிக்கு ஒத்திகை. மேலிடத்து ஆளு ஒருத்தரு டம்மி குண்டோட பயணி மாதிரி வருவாரு. அவரைப் புடிக்கறவனுக்குச் சான்றிதழ், ஒரு வாரம் லீவு.”

ரகசியம் என்பதால் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டீ விற்கிறவருக்கும் ஷூ துடைக்கிறவருக்கும் முந்தின நாளே தெரியுமாம்.

சற்று நேரத்தில் ஜிப்பக்கா மூச்சிரைக்க வந்தாள். “அண்ணே, கேட்டீங்களா?”

“கேட்டேன். மாப்ளைக்குப் போன் போட்டு இன்னிக்கு வேண்டாம்னு சொல்லட்டுமா?”

போனை எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. “வேணாம்ணே. இன்னிக்கு வேணாம்னா அந்த ஆஸ்பத்திரி போச்சு. அது மட்டுமில்ல. இன்னிக்கு வேணாம்னு நானே சொல்லிட்டா, அப்புறம் அவரு என்னிக்குமே வரமாட்டாரு.” அவள் திரும்பி ஓடினாள்.

லீவும் சான்றிதழும் கண்ணில் ஆடியதில் அன்றைக்குச் சோதனை சோதனையாகவே நடந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். சாக்ஸைக் கழற்றச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலை முகர்ந்தார்கள். பக்கத்தில் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் ஜிப்பக்காவும் வேறு வழியில்லாமல் பையின் அடிவரைக்கும் குச்சியை விட்டாள். விளைவு, இரண்டு வரிசையும் ஒன்றாகி, வீங்கி, என் கடையைத் தாண்டி, ரோட்டு முனை வரைக்கும் போனது. அந்த வாசலில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பாதுகாப்பு உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தான்.

துவைத்த சட்டை, படிய வாரிய தலை, வெறுங்கை. வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். குடை வாங்க வருவான் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, போய் வால்முனையில் நின்றுகொண்டான். கடையை விட்டுவிட்டுப் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

“அவ்வளவுதான் மாப்ளே. கால் மணி நேரம்.”

“அண்ணே, எத்தனை பேரு ஒட்டி ஒட்டி நிக்கறோம் பாருங்க.” சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. “இவங்கள முதல்ல உள்ள விடச் சொல்லுங்கண்ணே.”

வரிசை நகர்ந்தது. பாதி வழியில் அவன் வெளியே வந்தான், சுவரோரம் போய்க் குனிந்து மூச்சு வாங்கினான், திரும்பி வந்து நின்றான். இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் மறுபடி வெளியே போனான், மறுபடி வந்தான். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தானே, அதற்கு அவனுக்குத்தான் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். முன்னால் மீசை இன்னொரு காவலரை முழங்கையால் இடிப்பதை நான் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் பாய்ந்துவிட்டார்கள்.

அவனைத் தரையில் குப்புறத் தள்ளி, ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். “புடிச்சிட்டேன் சார்!” என்று மீசை கத்தினான். ஜனங்கள் கைதட்டினார்கள். ஒத்திகை விஷயம் அவர்களுக்கும் தெரியும்போல. பிறகு அந்த நாலு பேருமே மரியாதையாக அவனைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டார்கள்.

“சூப்பர் சார்! அப்படியே தத்ரூபம்! அந்த வேர்வையை எப்படி சார் வரவச்சீங்க?”

“கைகூட நடுங்குது பாருடா. என்னா நடிப்பு!”

“டம்மியை எங்க சார் வச்சிருக்கீங்க?”

மாப்பிள்ளை பேயறைந்தவன் மாதிரி நின்றான். அதிகாரி நிதானமாக நடந்து வந்து அவன் முகத்தைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். “யாருய்யா இது? இது நம்ம ஆளு இல்லையே.”

எல்லோருடைய சிரிப்பும் நின்றது. சட்டையில் மண் தட்டிய அதே கை இப்போது சட்டைக் காலரைப் பிடித்தது. நடிகன் என்றால் பாராட்டு, நிஜமாக நடுங்கினால் கைது. “வாசலை மூடு! ஒருத்தரையும் விடாதே!” என்றார் அதிகாரி. வரிசை அப்படியே நின்றது. பின்னால் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

இதற்கு நடுவில் நிஜமான மேலிடத்து ஆள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஜிப்பக்காவின் கண்கள் தரையில் கிடந்த வீட்டுக்காரர் மேல் இருந்த நேரத்தில் அவர் மேசைக்கு வந்து, தாமாகவே ஜிப்பைத் திறந்து காட்டி, தாமாகவே மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு பிளாட்பாரப் பெஞ்சில் டம்மி குண்டை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். வேர்க்கவே இல்லையாம்.

ஜிப்பக்கா மேசையை விட்டு வந்தாள். “சார், விடுங்க. அவரு என் வீட்டுக்காரரு.”

“உன் வீட்டுக்காரரா? அப்ப எதுக்கு இப்படி நடுங்கறாரு?”

“க்யூன்னா பயம் சார். போன வருஷம் அங்க க்யூல நின்னாரு.”

“இத்தனை போலீஸு, இத்தனை மெஷினு, நானே நேர்ல இருக்கேன். இதுக்கு மேல என்ன பயம்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளைக்குக் குரல் வந்துவிட்டது. “சார், என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. முதல்ல இவங்களை உள்ள விடுங்க சார். இப்படிக் கூட்டமா நிக்க வைக்காதீங்க. கால்ல விழறேன் சார், உள்ள விடுங்க.” கத்தவில்லை, கெஞ்சினான். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாசலில் அன்று பாதுகாப்பைப் பற்றி நினைத்த ஒரே ஆள் அவன்தான், அவன் காலரைத்தான் பிடித்திருந்தார்கள்.

“வாயை மூடு” என்றார் அதிகாரி.

ஜிப்பக்கா ஒரு நிமிஷம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் போய் டிடெக்டர் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். அது ஊரே கேட்கும்படி கத்தியது. தடுப்புக் கம்பியைத் தூக்கினாள். “எல்லாரும் உள்ள போங்க! ஜிப்பைத் திறக்க வேண்டாம். போங்க, போங்க!”

ஒருவரும் நகரவில்லை. வருஷக்கணக்காகப் பழகியது சும்மாவா? முன்னால் நின்ற பெரியவர் ஜிப்பைத் திறந்து பையை நீட்டிக்கொண்டே நின்றார். “எனக்கு மட்டும் ஒரு தடவை பாத்துடும்மா. மனசுக்கு நிம்மதியா இருக்கும்” என்றார். ஜிப்பக்கா அவர் பைக்குள் பார்க்காமலேயே குச்சியை விட்டு ஒரு கிண்டு கிண்டினாள். “ஆச்சு. போங்க.” அவர் திருப்தியாக நடந்தார். பின்னாலேயே ரயிலின் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான், அணை உடைந்தது. “நில்லுங்க! நில்லுங்க!” என்று கத்திய அதிகாரியையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நெரிசலில் மீசையின் கை நழுவியது. ஜிப்பக்கா மேசைக்கடியிலிருந்து கருவிப்பையை இழுத்து, புருஷன் தோளில் மாட்டி, முதுகில் கை வைத்து ஒரே தள்ளு. அவன் போய்விட்டான். சொல்லி முடிப்பதற்குள் வாசல் காலியாகக் கிடந்தது. இரண்டு செருப்பும் ஒரு சீப்பும் மிச்சம்.

எட்டு மணிக்கு அவன் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆறு லிஃப்டும் அவனுக்கு.

மற்றதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அன்று சோதனையில்லாமல் உள்ளே போன அத்தனை பேரும் சாயங்காலம் முழுசாக வீடு திரும்பினார்கள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஜிப்பக்காவை வேலையிலிருந்து தூக்கினார்கள். சந்தேகத்துக்குரிய ஆளைத் துணிச்சலாகப் பிடித்ததற்காக மீசைக்குச் சான்றிதழ் கிடைத்தது. பிடிபட்ட ஆள் வெறும் லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்ததும் அவனை மறந்துவிட்டார்கள். டம்மி குண்டு உள்ளே போனது எப்படி என்று ஆராய்ந்து, ஒரு மேசை போதாது, இரண்டு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இப்போது இரண்டு டிடெக்டர் சட்டம், இரண்டு மேசை, இரண்டு குச்சி. ஆண், பெண் வரிசைகள் ஒன்றாகி, தினமும் ரோட்டு முனையில்தான் ஆரம்பிக்கின்றன. என் கடையில் நிற்க இடமில்லை, வியாபாரம் அமோகம்.

மாப்பிள்ளை, கருவிப்பைக்கு ஆஸ்பத்திரி கொடுத்த அனுமதிச் சீட்டோடு, தினமும் அந்த வரிசையில்தான் போக வேண்டும். போனான். நடுநடுவே வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி போனான். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ஜிப்பக்கா ஒருநாள், “நானும் கூட வர்றேன். பக்கத்துல நான் நின்னா உங்களுக்குத் தைரியமா இருக்கும்” என்று கிளம்பிவிட்டாள்.

அந்த வாசலில் அவ்வளவு காலம் வேலை பார்த்தவள், வரிசையில் நின்றதில்லை. ஊழியர் கதவு வழியாக வந்து ஊழியர் கதவு வழியாகப் போனவள். மேசைக்குப் பின்னால் நின்றபோது வரிசை என்பது அவளுக்கு ஒரு பை, அதற்குப் பின்னால் இன்னொரு பை. இப்போது ரோட்டு முனையில் புருஷனின் கருவிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கியதில் முன்னால் நின்ற பெண்ணின் முதுகோடு ஒட்டினாள். ஒரு தாய் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். யாரோ ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரையோ தேடி, வரிசையை விட்டு வெளியே போனார். ஜிப்பக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்து பையை எடுத்துக்கொள்ளும்வரை அவள் மூச்சுவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

“வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்” என்று புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய அந்தக் கணீர்க் குரலே இல்லை.

“எட்டு மணிக்கு அங்க இருக்கணும்மா” என்றான் அவன். அவனுக்கும் பயம்தான், உதடு வெளுத்திருந்தது. “நீ போய் அண்ணன் கடையில நில்லு. நான் போயிடுவேன்.” பையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவள் என் கடைக்கு வந்தாள். ஸ்டூலைப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“அண்ணே, இதுக்குள்ள போய் நில்லுன்னா அவரைச் சொன்னேன்? அதுவும் கோழைன்னு சொல்லி?”

எனக்கு எதற்கும் வாய் சும்மா இருக்காது. அன்று அவள் குடிக்காத தண்ணீரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

மாப்பிள்ளை இரண்டாவது மேசையைத் தாண்டியதும் திரும்பி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான். நான் பதிலுக்குக் காட்டினேன். அவள் கையைத் தூக்கவில்லை. அவன் உள்ளே போய்விட்டது அவளுக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம். வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.